வைத்தால் ஓடும் மொழி: பிஎச்பியில் தளம் கட்டும் முன்

கேரளத்தின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் பிஎச்பிக்கு ஓர் அத்தியாயம் உண்டு. தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூலிலோ, அறிமுகத்தில் தொடங்கி மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தோடு இணைப்பது வரை அதற்கே பல பாடங்கள். களியக்காவிளை தாண்டிக் கழக்கூட்டத்துக்கு வேலை தேடி வரும் இளைஞரும், ஆற்றிங்கலிலிருந்து தினமும் வந்துபோகும் பெண்ணும், சர்வரில் ஓடும் மொழி என்று முதன்முதலில் படித்தது அநேகமாக இதைத்தான்.

கழக்கூட்டம் என்றால் டெக்னோபார்க். கேரள அரசு 1990இல் அமைத்த இந்தத் தொழில்நுட்பப் பூங்காவைப் பிரதமர் நரசிம்ம ராவ் 1995 நவம்பரில் நாட்டுக்கு அர்ப்பணித்தார். நிளா, பவானி, காயத்ரி, தேஜஸ்வினி என்று ஆறுகளின் பெயர் தாங்கிய கட்டடங்களுக்குள் விமானப் போக்குவரத்துக்கும் வங்கிகளுக்கும் பெரிய மென்பொருள்கள் உருவாகின்றன. அங்கே மொழியைத் தேர்ந்தெடுப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். இந்த அத்தியாயம் மதிலுக்கு வெளியே இருப்பவர்களுக்கானது: பூங்கா ஊழியர்களுக்கு விடுதி நடத்துபவர், பல் மருத்துவர், டியூஷன் சென்டர், கோயில் கமிட்டி, அவர்களுக்குத் தளம் கட்டித் தரும் இரண்டு மூன்று பேர் கொண்ட சிறு குழு. இவர்கள் வேர்ட்பிரஸ் என்று சொல்லித் தளம் கேட்டாலும் கிடைப்பது பிஎச்பிதான். உலகத்து வலைத்தளங்களில் ஐந்தில் இரண்டுக்கு மேல் வேர்ட்பிரஸில் ஓடுகின்றன. சர்வரில் ஓடும் வேர்ட்பிரஸ் நிரல் பிஎச்பியில் எழுதப்பட்டது. எனவே பிஎச்பி வேண்டுமா என்ற கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. கேட்டுவிட்டு எடுப்பது நல்லது.

கோப்பை ஏற்றினால் போதும்

டெக்னோபார்க் அர்ப்பணிக்கப்பட்ட அதே 1995இன் ஜூன் 8ஆம் தேதி, கிரீன்லாந்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ராஸ்மஸ் லெர்டார்ஃப், தன் தன்விவரப் பக்கத்தை யார் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்க எழுதிய சிறு நிரல்களைப் பொதுவில் வெளியிட்டார். மொழி ஒன்றை உருவாக்கும் திட்டம் அவரிடம் இல்லை. பின்னர் இஸ்ரேலில் மாணவர்களாக இருந்த ஆண்டி குட்மன்ஸும் ஸீவ் சுராஸ்கியும் அதன் அடித்தளத்தைத் திரும்ப எழுத, 1998இல் பிஎச்பி 3 வந்தது. பிஎச்பியின் நன்மைகளும் தொல்லைகளும் இந்தப் பிறப்பிலிருந்தே தொடங்குகின்றன. திட்டமிட்டு வடித்த மொழிகளில் காணும் ஒழுங்கு இதில் இல்லை. தேவைப்பட்டவர் தேவைப்பட்டபோது சேர்த்ததால், தளம் கட்டுகிறவருக்கு வேண்டிய கருவி ஏறக்குறைய எல்லாம் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது.

பிஎச்பி ஓடும் விதத்தைப் புரிந்துகொண்டால் பாதி முடிவு எடுத்தாகிவிட்டது. சர்வரில் ஒரு கோப்புறை. அதில் பிஎச்பி கோப்பு ஒன்றை வைக்க வேண்டும். உலாவியில் அதன் முகவரியைத் தட்டினால் அது ஓடும். தொகுக்க வேண்டியதில்லை, சர்வரை நிறுத்தித் தொடங்க வேண்டியதில்லை. மிகக் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும் பகிர்வு ஹோஸ்டிங்கிலும் இது நடக்கும். ஒவ்வொரு முறை யாராவது பக்கத்தைத் திறக்கும்போதும் நிரல் புதிதாகத் தொடங்கி, பக்கத்தை அனுப்பிவிட்டு, தன் நினைவகம் முழுவதையும் துடைத்துக்கொண்டு முடிந்துவிடும். முந்தைய வாசகருக்காகக் கணக்கிட்ட எதுவும் அடுத்தவருக்கு மிஞ்சாது.

இதன் அருமை நள்ளிரவில்தான் தெரியும். விடுதித் தளத்தின் முன்பதிவுப் பக்கத்தில் பிழை என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பக்கத்தைத் திறந்தவருக்கு மட்டும் பிழைச்செய்தி வரும். அறைகளின் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு எதுவும் ஆகாது. ஜாவாஸ்கிரிப்டைச் சர்வரில் ஓட்ட 2009இல் வந்த நோட்.ஜேஎஸ்ஸில் வழக்கமாக ஒரே செயல்முறை எல்லா வாசகர்களையும் தாங்கி நிற்கிறது. கவனிக்காமல் விட்ட ஒரு பிழை அந்தச் செயல்முறையைக் கவிழ்த்தால், அது மறுபடி எழும்வரை அத்தனை பேருக்கும் தளம் இல்லை. இரவில் எழுப்ப ஆளில்லாத இடத்துக்குப் பிஎச்பியின் குணம் பெரிய பாதுகாப்பு.

கோப்பை வைத்தாலே ஓடும் குணம் எப்படித் திரும்பிக் கடித்தது என்பதற்கு 2011 ஆகஸ்டில் நடந்தது பாடம். டிம்தம்ப் என்ற சிறு பிஎச்பி கோப்பு அன்று ஏராளமான வேர்ட்பிரஸ் தீம்களோடு சேர்ந்தே வந்தது. வெளித்தளங்களில் இருக்கும் படத்தை எடுத்து, அளவு குறைத்து, ஒரு கேஷ் கோப்புறையில் சேமிப்பது அதன் வேலை. ஃபிளிக்கர், பிளாகர் போன்ற சில தளங்களிலிருந்து மட்டுமே எடுக்கும் என்று கட்டுப்பாடும் இருந்தது. ஆனால் அந்தப் பெயர் முகவரியில் எங்காவது இருக்கிறதா என்று மட்டுமே அது பார்த்தது. பிளாகர்.காம் என்ற சொல்லை முன்னால் வைத்துத் தன் சொந்தத் தளப் பெயரைப் பின்னால் ஒட்டியவர்கள் உள்ளே நுழைந்தார்கள். படத்துக்குப் பதில் அவர்கள் கொடுத்தது பிஎச்பி கோப்பு. அது சேமிக்கப்பட்டது பொதுமக்கள் திறக்கக்கூடிய கோப்புறையில். வைத்தால் ஓடும் மொழி அல்லவா, ஓடியது. தளத்தின் சாவி அந்நியர் கைக்குப் போயிற்று.

இதைப் படிக்கும் தள உரிமையாளர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: படம், ஆதார் நகல் போன்றவை ஏறும் கோப்புறையில் பிஎச்பி ஓடாதபடி சர்வரில் தடை போட்டிருக்கிறதா? சில வரி அமைப்பில் முடியும் வேலை. ஆனால் யாரும் கேட்காவிட்டால் பெரும்பாலும் அது செய்யப்படுவதில்லை.

டி'குரூஸும் 1இ2 அறையும்

விழிஞ்ஞத்திலிருந்து தூத்துக்குடி வரையிலான கடற்கரையில் டி'குரூஸ் என்ற குடும்பப் பெயர் சகஜம். ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ஒற்றை மேற்கோள் குறி வரும். விடுதியின் பதிவுப் படிவத்தில் அந்தப் பெயரைத் தட்டினால் சில தளங்கள் பிழை காட்டி நிற்கும். காரணம், படிவத்தில் வந்த சொல்லை அப்படியே தரவுத்தளக் கட்டளைக்குள் ஒட்டியிருப்பார்கள். தரவுத்தளத்துக்கு ஒற்றை மேற்கோள் என்றால் சொல் முடிந்தது என்று பொருள். பெயரின் மீதி கட்டளையாக வாசிக்கப்படுகிறது. நல்லவர் பெயர் இங்கே முறிந்தால், கெட்டவர் கட்டளையும் இதே வழியாக நுழையும். பிஎச்பியில் இதற்கு 2005 முதல் பிடிஓ என்ற முறையான வழி இருக்கிறது: கட்டளை தனியாகவும் மதிப்பு தனியாகவும் போகும். கவலை தருவது, ஒட்டி எழுதும் பழைய முறைதான் படிக்க எளிது, இணையத்தில் தேடினால் அதுதான் நிறையக் கிடைக்கிறது. பழைய ‘மைஎஸ்கியூஎல்’ செயற்கூறுகளை 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7 அடியோடு நீக்கியது. அவற்றைக் கற்றுத்தரும் பக்கங்கள் இன்னும் நீங்கவில்லை.

இரண்டாவது பொறி இன்னும் நுட்பமானது. விடுதியில் முதல் மாடி, இ பிளாக், இரண்டாம் அறைக்கு ‘1இ2’ என்று ஆங்கில எழுத்தில் பெயர் வைத்திருக்கிறார்கள். 100 என்று இன்னோர் அறையும் உண்டு. இரண்டும் ஒன்றா என்று பிஎச்பியிடம் இரட்டைச் சமக்குறி போட்டுக் கேட்டால் ‘ஆம்’ என்று சொல்லும். எண்போல் தோன்றும் சொற்களை அது எண்ணாகவே எடுத்துக்கொள்கிறது. 1இ2 என்பது அறிவியல் குறியீட்டில் 1 பெருக்கல் 10இன் இரண்டாம் அடுக்கு, அதாவது 100. ஓர் அறைக்கு வந்த முன்பதிவு மற்றோர் அறையில் விழும். 2020 நவம்பரில் வந்த பிஎச்பி 8, எண்ணையும் வெறும் சொல்லையும் ஒப்பிடும் பல குழப்பங்களைத் திருத்தியது. ஆனால் இந்த ஒப்பீடு இன்றும் அப்படியே. மும்மைச் சமக்குறி போட்டால் வகையையும் சேர்த்துப் பார்க்கும், பிழை வராது. அனுபவப்பட்ட பிஎச்பி நிரலாளரின் விரல் தானாகவே மூன்று குறி போடும். அந்த அனுபவத்துக்குத்தான் கூலி.

நம் எழுத்துக்கு என்ன ஆகும்

தமிழிலும் மலையாளத்திலும் தளம் வேண்டுவோர் தனியாகக் கவனிக்க வேண்டிய இடம் இது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பிஎச்பி ஒப்பீடுகள் பெரும்பாலும் இதைத் தொடுவதே இல்லை.

பிஎச்பிக்குச் சொல் என்பது பைட்டுகளின் வரிசை. யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ‘கழக்கூட்டம்’ என்று எழுதி அதன் நீளத்தைச் சாதாரண ‘ஸ்டிரிங்-லென்’ செயற்கூறிடம் கேட்டால் 33 என்று வரும். ‘எம்பி’ என்று தொடங்கும் பல்பைட் செயற்கூறிடம் கேட்டால் 11. புள்ளியையும் துணைக்குறியையும் தனித்தனிக் குறிகளாக எண்ணியதால். பள்ளிப் பிள்ளை எண்ணுவதுபோல் க, ழ, க், கூ, ட், ட, ம் என்று 7 வர வேண்டுமானால், இன்ட்ல் என்ற நீட்டிப்பிலுள்ள ‘கிராஃபீம்’ செயற்கூறு வேண்டும். பைத்தான் 3இலும் ஜாவாஸ்கிரிப்டிலும் நேரடியாகக் கேட்டால் 11தான் வரும். அங்கும் கூடுதல் கருவி இல்லாமல் 7 வராது. ஆனால் அவை 33 என்று சொல்வதில்லை. எழுத்தை நடுவில் வெட்டும் ஆபத்து பிஎச்பியில்தான் அதிகம்.

வெட்டினால் என்ன ஆகும்? செய்தித் தலைப்பை 10 பைட்டில் நறுக்கும் தீம் ஒன்றில் ‘கழக’ வரை வந்து, அடுத்த குறியின் மூன்றில் ஒரு பங்கு தொங்கும். பிஎச்பி 8.1க்கு முந்தைய பதிப்புகளில், பக்கத்தில் காட்டும் முன் சொல்லைச் சுத்தம் செய்யும் செயற்கூறு இப்படி உடைந்த சொல்லைக் கண்டால், முழுச் சொல்லையும் விட்டுவிட்டு வெறுமையைத் திருப்பித் தரும். தலைப்பே இல்லாத அட்டைகள் தளத்தில் வரிசையாக நிற்கும். ஆங்கிலத் தலைப்புகளில் இது பெரும்பாலும் நடக்காது, ஆகவே தீம் எழுதியவருக்குத் தெரியவே வராது.

முகவரிக்கான சொல்லைத் தயாரிக்கும் இடத்தில் இன்னொரு சேதம். எழுத்தும் எண்ணும் தவிர மற்றதை நீக்கு என்று எழுதுவார்கள். யூனிகோடு கணக்கில் நம் புள்ளியும் துணைக்குறிகளும் ‘எழுத்து’ வகையில் சேராமல் ‘குறி’ என்ற தனி வகையில் இருக்கின்றன. விளைவு, கழக்கூட்டம் ‘கழககடடம’ ஆகிவிடும். விதியில் குறி வகையையும் சேர்த்தால் சரியாகும்.

இதையெல்லாம் மொழியே பார்த்துக்கொள்ளும்படி செய்யத்தான் 2005இல் பிஎச்பி 6 திட்டமிடப்பட்டது. உள்ளுக்குள் யூனிகோடாகவே இயங்கும் மொழி என்பது கனவு. வேகமும் நினைவகமும் சிக்கலும் தாங்காமல் 2010இல் அதைக் கைவிட்டார்கள். 5க்குப் பிறகு நேராக 7 வந்தது அதனால்தான். பிஎச்பியின் வரலாற்றில் தமிழருக்கும் மலையாளிக்கும் மிகப் பெரிய இழப்பு எது என்றால் அந்தக் கைவிடல் என்றே சொல்லலாம்.

ஆனாலும் அக்கறையுள்ளவர் கையில் இதே மொழி எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கேரளத்திலேயே சான்று உண்டு. 2009இல் தொடங்கிய ஸ்கூல்விக்கி, மாநிலத்தின் சுமார் 15,000 பள்ளிகளுக்கும் ஒவ்வொரு பக்கம் தருகிறது. பள்ளியின் வரலாறு, ஊர்ச் செய்தி, மாணவர் படைப்புகள் எல்லாம் மலையாளத்தில். ஆசிரியர்களும் பிள்ளைகளுமே எழுதுகிறார்கள். அரசின் கைட் நிறுவனம் நடத்தும் இந்தத் தளம் ஓடுவது மீடியாவிக்கியில். விக்கிப்பீடியாவைத் தாங்கும் அதே பிஎச்பி மென்பொருள். மலையாளத்தில் மெய்களின் தனி வடிவங்களான சில்லு எழுத்துகளுக்கு 2008இல் யூனிகோடு 5.1 தனிக் குறியீடு கொடுத்தபோது, கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் சொல் கணினிக்குள் இரண்டு விதமாகப் பதிவாகும் நிலை வந்தது. பழைய முறையில் எழுதியதைப் புதிய முறையில் தேடினால் கிடைக்காது. மீடியாவிக்கி இதற்கென்றே ஓர் அமைப்பைச் சேர்த்து, பக்கத்தைச் சேமிக்கும்போதே ஒரே முறைக்கு மாற்றிவிடுகிறது. மொழி தராததை மென்பொருள் தந்தது, அதை எழுத ஆட்கள் இருந்ததால்.

வேகம் பற்றிய கவலை

பிஎச்பி மெதுவானது என்ற பேச்சு பழையது. 2010இல் ஃபேஸ்புக் பிஎச்பியை வேறு வடிவில் மாற்றி ஓட்டத் தன் சொந்தக் கருவியை எழுத வேண்டியிருந்தது உண்மை. விக்கிப்பீடியாவும் 2014இல் ஃபேஸ்புக்கின் எச்எச்விஎம் என்ற பிஎச்பி இயக்கிக்கு மாறியது. பிஎச்பி 7 வந்தபின் 2019இல் திரும்பிவிட்டது. விடுதித் தளத்துக்கு இந்தக் கணக்கு தேவையே இல்லை.

தேவைப்படுவது தேர்வு முடிவு நாள் போன்ற நாட்களில். கேரளத்தில் ஆண்டுதோறும் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எஸ்எஸ்எல்சி எழுதுகிறார்கள்; முடிவு வந்த நிமிடத்தில் எல்லோரும் ஒன்றாகத் தட்டுவார்கள். டியூஷன் சென்டர் நடத்தும் மாதிரித் தேர்வுக்கும் சிறு அளவில் இதே நெருக்கடி. பிஎச்பி செயல்முறை ஒன்றுக்கு 50 எம்பி, ஒதுக்கியது 1 ஜிபி என்றால், ஒரே நேரத்தில் 20 பேருக்குத்தான் பதில் சொல்ல முடியும். ஒரு பதிலுக்கு 0.2 விநாடி ஆனால் விநாடிக்கு 100 பேர். தரவுத்தளம் திணறி 2 விநாடி ஆனால் 10 பேர்தான், மற்றவர்கள் வரிசையில். இங்கே மொழியை மாற்றுவதைவிட வேலையை மாற்றுவதே பயன் தரும். முடிவுகள் அன்றைக்கு மாறப்போவதில்லை. ஒவ்வொரு பதிவெண்ணுக்கும் முன்கூட்டியே கோப்பாக எழுதி வைத்துவிட்டால், நிரலோ தரவுத்தளமோ இல்லாமல் சர்வர் நேரடியாக எடுத்துக்கொடுக்கும்.

பிஎச்பி பொருந்தாத வேலைகளும் உண்டு. நேரடி உரையாடல், ஓடும் வண்டியை வரைபடத்தில் விநாடிதோறும் காட்டுவது போன்றவற்றில் இணைப்பு திறந்தே இருக்க வேண்டும். வந்தவுடன் வேலை முடித்துச் செல்லும் மொழிக்கு அது இயல்பான இடமல்ல. அங்கே நோட்.ஜேஎஸ் கைகொடுக்கும். தரவுப் பகுப்பாய்வும் தளமும் ஒரே குழுவின் வேலை என்றால் பைத்தானும் அதில் தளம் கட்ட உதவும் ஜாங்கோவும் போதும்; கேரளப் பள்ளிகள் பைத்தான் கற்பிப்பதால் ஆளும் கிடைக்கும். ரூபியும் தள்ளிவிடத்தக்கது இல்லை: கேரளப் பள்ளிகளின் மாணவர் விவரங்களைக் கையாளும் சம்பூர்ணா, ரூபி ஆன் ரெயில்ஸில் எழுதப்பட்ட ஃபெடினா என்ற மென்பொருளிலிருந்து உருவானது. ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஐந்து வருடம் கழித்து யார்?

பிஎச்பி தளங்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் பராமரிப்பு நின்றுபோவதால். பதிப்பு ஒவ்வொன்றுக்கும் ஆயுள் உண்டு: இப்போது 2 ஆண்டு முழுப் பராமரிப்பு, பின்னர் 2 ஆண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும். 5.6இன் ஆயுள் 2018 முடிவில் தீர்ந்தது, 7.4இன் ஆயுள் 2022 நவம்பரில். அதன் பிறகும் தளம் ஓடும். ஓடுவதால் உரிமையாளர் நிம்மதியாக இருப்பார். ஒருநாள் ஹோஸ்டிங் நிறுவனம் பழைய பதிப்பை எடுத்துவிடும்போது பழைய பிளக்இன்கள் ஒவ்வொன்றாக விழும்.

திருத்தம் வந்ததும் போடுவது எவ்வளவு அவசரம் என்பதை 2014 அக்டோபர் 15 காட்டியது. பிஎச்பியில் எழுதப்பட்ட இன்னொரு தள மென்பொருளான ட்ரூபல் 7இல் தரவுத்தளக் கட்டளையைக் கடத்தும் ஓட்டை ஒன்று அறிவிக்கப்பட்டது. திருத்தம் வந்து 7 மணி நேரத்துக்குள் போடாத தளங்கள் எல்லாம் உடைக்கப்பட்டதாகவே கருதிக்கொள்ளுங்கள் என்று ட்ரூபல் பாதுகாப்புக் குழுவே பின்னர் எச்சரித்தது. ஏழு மணி நேரம் என்பது கழக்கூட்டத்தில் ஒரு தூக்கம்.

மொழியைக் காப்பவர்களைப் பற்றியும் ஒன்று தெரிந்துகொள்வது நல்லது. நெடுநாள் மிகச் சிலரே பிஎச்பியின் உள்ளகத்தைத் தாங்கி வந்தார்கள். 2021 மார்ச்சில் அதன் மூலநிரலுக்குள் யாரோ தீய நிரலைச் சேர்த்தார்கள். வெளியீட்டுக்கு முன்பே பிடிபட்டது. அதே ஆண்டு நவம்பரில் முக்கியப் பங்களிப்பாளர் நிகிதா போபோவ் விலகவிருப்பது தெரிந்ததும், நிறுவனங்கள் சேர்ந்து பிஎச்பி அறக்கட்டளையை அமைத்து நிரலாளர்களுக்கு ஊதியம் தரத் தொடங்கின. நிலைமை முன்னைவிட உறுதியாக இருக்கிறது.

ஆக, கழக்கூட்டத்துச் சிறு வணிகத்துக்குப் பிஎச்பி நல்ல தேர்வுதான். கட்டியவர் பெங்களூருக்கோ துபாய்க்கோ போய்விட்டாலும் அடுத்த ஆள் ஆற்றிங்கலிலோ நாகர்கோவிலிலோ கிடைப்பார் என்பதே அதற்குப் பெரிய காரணம். அந்த அடுத்த ஆளுக்கு ஒப்படைக்கக்கூடிய நிலையில் தளம் இருக்க வேண்டும். தளப் பெயரும் ஹோஸ்டிங் கணக்கும் உரிமையாளரின் பெயரிலும் மின்னஞ்சலிலும் பதிவாகட்டும். எந்தப் பிஎச்பி பதிப்பு, எந்தெந்த பிளக்இன், திருத்தங்களை யார் எத்தனை மணி நேரத்தில் போடுவது, அதற்கு ஆண்டுக்கு என்ன கட்டணம் என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம். தரவுத்தள நகல் எடுப்பதாக வாய்ச்சொல் போதாது. அந்த நகலிலிருந்து வேறொரு கோப்புறையில் தளத்தைத் திரும்ப எழுப்பிக் காட்டச் சொல்லலாம். மீதிப் பணம் கொடுக்கும் நாளில் நிரலாளரோடு பக்கத்தில் உட்கார்ந்து, பதிவுப் படிவத்தில் டி'குரூஸ் என்று ஆங்கிலத்தில் ஒருமுறை, கழக்கூட்டம் என்று தமிழில் ஒருமுறை, அறை எண்ணில் 1இ2 என்று ஒருமுறை தட்டிப் பார்க்கலாம். படம் ஏற்றும் இடத்தில் ஒரு வெற்றுப் பிஎச்பி கோப்பைக் கொடுத்து, தளம் மறுக்கிறதா என்றும் பார்க்கலாம். அரை மணி நேரத்தில் முடியும்.